சத்தம் கேட்டால் அழுத்தவும்

கதவு சாத்திக்கொண்டதும் யுகேந்திரனுக்கு முதலில் கேட்டது தன் வயிறுதான். காலையில் விழுங்கிய ரொட்டி உள்ளே புரள்வது, சந்தில் லாரி திரும்புகிற மாதிரி அத்தனை பெரிதாகக் கேட்டது. உட்கார்ந்தால் முழங்கால் எதிர்ச் சுவரில் இடிக்கும் பெட்டி. சுவரும் கூரையும் சாம்பல் நிறப் பஞ்சு, ஒரு பக்கம் மட்டும் தடித்த கண்ணாடிச் சன்னல், அதற்கு அப்பால் காதுச் சோதனை எடுக்கும் பெண்மணி சார்ஜன்ட் டெல்கடோ தன் இயந்திரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். ராணுவ விமானியாக ஆசைப்படுகிறவன் கண், பல், முதுகெலும்பு, மூத்திரம் எல்லாவற்றையும் அமெரிக்க அரசாங்கத்திடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு எல்லாம் தேறிவிட்டது, காது ஒன்றைத் தவிர. போன வாரம் இயந்திரமே தானாக நடத்திய சோதனையில் இடது காது தவறிவிட்டது. சத்தத்தில் திரிந்துவிட்டு வந்தால் அப்படி ஆவதுண்டு, முந்தின நாள் மாலையிலிருந்து காதில் எதையும் விழவிடாமல் இருந்துவிட்டு வா, நானே கையால் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி டெல்கடோதான் இன்றைக்கு நாள் கொடுத்திருந்தார். இதிலும் தவறினால் விமானம் கிடையாது. வேண்டுமானால் விமானத்துக்குச் சாமான் கணக்குப் பார்க்கலாம். உள்ளே அனுப்பும்போது, "வேலை ஒண்ணும் பெரிசில்ல," என்றார் டெல்கடோ. "சத்தம் கேட்டா அழுத்துங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. கேக்கலேன்னா அழுத்தாதீங்க. கதவு பூட்டிக்காது, மூச்சு முட்டுதுன்னா தள்ளுங்க, திறந்துக்கும்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸைக் கூப்பிடத் தருவார்களே, அந்த மாதிரி ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தார். நர்ஸ் வந்தால் தேவலை என்றுதான் அவனுக்கு இருந்தது.

வலது காதில் ஆரம்பித்தார். பீப், பீப், பீப். அழுத்தினான். இன்னும் சன்னமாக ஒன்று. அழுத்தினான். வலது காது தங்கமான காது, அடுத்த வீட்டுப் பூனை பால் குடித்தால்கூடச் சொல்லிவிடும். அதன்மேல் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு, நன்றாகப் படிக்கும் அண்ணன்மேல் தம்பிக்கு வருமே அந்த எரிச்சல். பீப். அழுத்தினான். சிங்கப்பூரில் ஹவ்காங் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுக்குமாடியின் பத்தாவது தளத்தில் வீடு, தலைக்கு மேலே போர் விமானங்கள் இறங்குகிற வழி. விமானம் வந்தால் சன்னல் கம்பி அதிரும், அலமாரிக் கண்ணாடி நடுங்கும், பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். அம்மா ஒரு விரலைத் தூக்குவாள். அது போய்த் தொலையும்வரை விரல் அந்தரத்தில் நிற்கும், போனதும் விட்ட சொல்லிலிருந்து சரியாகப் பிடித்துக்கொள்வாள். "உனக்கு எத்தன தடவ சொல்றது, சப்பாத்தை வெளியில—" விரல், இரைச்சல், அமைதி, "—கழட்டி வைன்னு." பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அப்படித்தான், பிரார்த்தனையும் அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செத்துக் கிடந்தபோது மந்திரம் ஓதியவர்கள்கூட விமானத்துக்காக நின்று, பிறகு தொடர்ந்தார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டு வழிவிடுகிற அந்தச் சத்தத்துக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பது ஏழு வயதில் யுகேந்திரனுக்கு உறைத்தது. அம்மாவையே நிறுத்தி வைக்கிற ஆள்! அந்த ஆளாக வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டான். அம்மா பஸ் ஓட்டுகிறவள். நாள் முழுக்க ஒரே தடத்தில் போய்த் திரும்பி, வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதாதா? அதுவும் நான் தரையில ஓட்டறேன், கவுந்தாலும் எழுந்து வருவேன்," என்பாள். பீப். அது வந்ததா? வந்தது. அழுத்தினான்.

ஆள் ஒருவன், பாஸ்போர்ட் இரண்டு. அப்பா எண்ணெய்க் கம்பெனி வேலையாக ஹூஸ்டனில் இருந்தபோது அங்கே பிறந்தான், அதனால் அமெரிக்கன். அப்பா அம்மா சிங்கப்பூர்க்காரர்கள், அதனால் சிங்கப்பூரன். நண்பர்கள் பெயரைச் சுருக்கி யூகே என்று கூப்பிட்டதில் மூன்றாவது நாடு ஒன்றும் இலவசமாகக் கிடைத்தது. நடக்கப் பழகி ஓடத் தொடங்கிய வயதில் சிங்கப்பூருக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அப்பா பிற்பாடு பெர்த்துக்குப் போய் வேறொரு குடும்பத்தில் நிலைத்துவிட்டார், அவருக்கும் குடியுரிமை மாற்றம் மாதிரிதான். சின்ன வயதில் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு பெருமை இருந்தது. வளர வளரத்தான் தெரிந்தது, அதில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம், மற்றது பறிபோகக் காத்திருக்கிறது என்று. இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்குள் சிங்கப்பூருக்குப் போய் அமெரிக்காவைக் கைவிட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும். இப்போது வயது இருபத்தொன்று. செப்டம்பர் வந்தால் முடிந்தது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள், இவனுக்கு இரண்டு பக்கமும் நல்ல சிமெண்டுத் தரைதான், நடுவில்தான் பள்ளம். அம்மா கேட்கும்போதெல்லாம் படிப்பு முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட்டான். மனதுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தான், அதை யாரிடமும் சொல்லவில்லை. விமானியாக எடுத்துக்கொண்டால் இந்த நாடு. இல்லையென்றால் செப்டம்பருக்குள் அந்த நாடு. ஆக எந்த ஊர்க்காரன் என்பதை முடிவு செய்யும் பொறுப்பை இடது காதிடம் விட்டிருந்தான். உலகத்தில் வேறு எவனாவது தன் தாய்நாட்டைக் காதைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பானா?

"இப்ப இடது பக்கம்," என்றார் டெல்கடோவின் குரல், ஹெட்போனுக்குள்ளிருந்து. யுகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான், நிமிர்ந்தால் கேட்கும் என்பது போல. முதல் சத்தம் தாழ்ந்த சுருதியில், வயிற்றிலிருந்து வருகிற மாதிரி. கேட்டது. அழுத்தினான். இன்னும் கொஞ்சம் மேலே. கேட்டது. பரவாயில்லையே என்று நினைத்தான், நினைத்திருக்கக் கூடாது. அடுத்ததுக்கு மேலே போனதும் அது வந்துவிட்டது. வந்துவிட்டது என்ன, எங்கே போயிற்று வருவதற்கு? அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஙீ என்று ஒரே இழுப்பு, டியூப்லைட் கெட்டுப்போகும்போது போடுமே அந்தச் சத்தம், நிற்காமல், இறங்காமல். தெருவில் நடக்கும்போது மறைந்துகொள்ளும், வகுப்பில் மறைந்துகொள்ளும், இந்த மாதிரிப் பஞ்சு வைத்த பெட்டியில் மட்டும் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். டெல்கடோ அனுப்புகிற சத்தமும் அதே சுருதி. கடலில் உப்பைப் போட்டுவிட்டுத் தெரிகிறதா என்று கேட்கிறார். இப்போது வந்தது அவருடையதா, தன்னுடையதா? நேற்று மாலையிலிருந்து டிவி இல்லை, பாட்டு இல்லை, அறைத்தோழன் சிப்ஸ் தின்றால்கூட வெளியே போய் நின்றான். வெளிச் சத்தத்தையெல்லாம் விரட்டிவிட்டு உள்ளே இருப்பவனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. சொந்தக் காசில் சூனியம்.

அது பிறந்த இடம் நியூசிலாந்தில் ஒரு மலைச்சரிவு. சிங்கப்பூர் இருக்கிற இருப்புக்குப் பெரிய பீரங்கியைச் சுட்டால் குண்டு அடுத்த நாட்டில் விழும், அதனால் பீரங்கியையும் பையன்களையும் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சுட்டுப் பழக்குவார்கள். பதினெட்டு வயதான ஆண்பிள்ளைகள் எல்லோரும் இரண்டு வருஷம் செய்தாக வேண்டிய தேசிய சேவை. அவனுக்கு விழுந்தது பீரங்கிப் படை. விமானப்படைக்குத்தான் மனுப் போட்டிருந்தான், நேர்முகத்தில் ஒரு அதிகாரி சிரித்த முகமாக, "அமெரிக்கப் பாஸ்போர்ட்ட எப்ப விடப் போற?" என்று கேட்டார். ஒரே ஒரு மூச்சு அவன் தயங்கினான். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. அந்தத் தயக்கம்தான் காரணமோ, வேறு ஏதாவதோ, யார் கண்டார்கள், ஆனால் அந்த ஒரு மூச்சை அவன் இன்றுவரை திரும்பத் திரும்ப இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறான். பீப். இல்லை. இருக்கலாம். அழுத்தினான். மலைச்சரிவில் பனி. பீரங்கிப் படைச் சார்ஜன்ட் வரிசையாக வந்து ஒவ்வொருத்தன் காதிலும் பஞ்சடைப்பான் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார், அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்ற பூன் ஹெங் ஏதோ கத்தினான். வாய் அசைகிறது, காதில் விழவில்லை. அவசரம் போலிருந்தது. யுகேந்திரன் இடது காதிலிருந்து அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, "என்னடா?" என்றான். "உங்கம்மா குடுத்த முறுக்கு, இன்னும் இருக்கா லா?" என்றான் பூன் ஹெங். அதற்குப் பதில் சொல்லுமுன் பீரங்கி வெடித்தது. முறுக்கு இருந்தது. காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தான். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் தின்றார்கள், கடிக்கும் சத்தம் வலது பக்கம் மட்டும் கேட்டது.

மருத்துவரிடம் போயிருக்கலாம். போனால் அதற்கு முகாமில் ஒரு பெயர் உண்டு, கெங். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடித்து வேலையிலிருந்து தப்புகிறவன் கெங் அடிக்கிறான். கால் உடைந்தவனையே இரண்டு நாள் சந்தேகமாகப் பார்ப்பார்கள், காதில் சத்தம் கேட்கிறது என்று போய் நின்றால் சிரிப்பார்கள். அதோடு அடைப்பானை ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், முறுக்கு என்று சொல்ல முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக வாயை மூடிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். பிறகு மூடின வாய் திறக்கவில்லை. இங்கே அமெரிக்க டாக்டர், காதில் இரைச்சல் எப்போதாவது உண்டா என்று கேட்டபோதும் இல்லை என்றது. வேடிக்கை என்னவென்றால், காதுச் சோதனையை ஏமாற்றுவது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே பூன் ஹெங்தான். எளிதான வேலைக்கு மாறுவதற்காக அவன் செவிடனாகத் தேறப் பார்த்தவன். "பெரிய சத்தத்துக்கு அழுத்து, சின்ன சத்தத்துக்கு அழுத்தாத. எல்லாத்துக்கும் சும்மா இருந்தா மாட்டிக்குவ. ஆளு சத்தம் அனுப்பறதுக்கு ஒரு தாளம் இருக்கும் பாரு, அத பிடிச்சுக்க." அவன் அதிலும் தேறவில்லை, பாவம், கடைசிவரை குண்டு தூக்கினான். தவறுவதற்காகக் கற்ற வித்தையைத் தேறுவதற்குத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதானே. தாளம். டெல்கடோவின் தோளைப் பார்த்தான். வலது தோள் லேசாக இறங்கும், பிறகு மூன்று பீப், பிறகு இரண்டு மூச்சு இடைவெளி. வலது காதுக்கு அப்படித்தான் வந்தது. இடதுக்கும் அதே கைதானே. தோள் இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை, ஙீ தவிர. அழுத்தினான். டெல்கடோ அசையவில்லை, எதையோ குறித்தார். இரண்டு மூச்சு. தோள். அழுத்தினான். அடடா, எத்தனை எளிது! செவிடன் காதில் ஊதின சங்கு என்று சொன்னவன் செவிடனுக்குக் கண் இருப்பதை மறந்துவிட்டான்.

இரண்டு மூச்சு, அழுத்து. கை தானாக வேலை செய்யத் தொடங்கியதும் மனது அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி அந்த அறைக்குப் போய்விட்டது, போன மாதம் பின்னணி விசாரிக்க வந்த மனிதர் உட்கார்ந்திருந்த அறைக்கு. மரியாதையான மனிதர், தண்ணீர் பாட்டிலைத் திறந்துகூடக் கொடுத்தார். வெளிநாட்டுச் சேவை என்று ஒரு பகுதி வந்தது. அங்கே என்ன ஆயுதம், யாருக்குக் கீழே, இன்னும் யாரோடு தொடர்பு. எல்லாம் சொன்னான், பூன் ஹெங் அனுப்புகிற பூனை வீடியோ உட்பட. கடைசியில், "அங்க ஒரு உறுதிமொழி எடுத்தீங்க இல்லையா? அது இன்னும் உங்கள கட்டுப்படுத்துதா?" என்றார். இந்தத் தடவை தயங்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு வயதில் ஒரு மூச்சுத் தயங்கியதற்குப் பீரங்கி கிடைத்தது. "இல்லை சார்," என்றான், கேள்வி முடிவதற்குள். அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார், அவ்வளவு சீக்கிரம் வந்த பதிலை என்ன செய்வது என்று பார்க்கிற மாதிரி. அந்த உறுதிமொழி. வெயில், பெரிய மைதானம், மலாயில் கட்டளை, நேராக நில் என்பதற்கு செடியா, அதைக் கேட்டால் இன்றும் இந்த ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டில் நின்றால்கூடக் குதிகால் சேர்ந்துகொள்ளும். உயிரைக் கொடுத்தும் காப்பேன் என்று எல்லோரோடும் சேர்ந்து அவனும் கத்தினான், நிஜமாகத்தான் கத்தினான். அதில் பொய் இருந்ததாக இன்று எவ்வளவு தோண்டினாலும் கிடைக்கவில்லை, அதுதான் கஷ்டம். முடிந்ததும் பெற்றவர்கள் இறங்கி வந்து பிள்ளையின் தலையில் தொப்பியை வைக்க வேண்டும். அம்மா டூட்டியிலிருந்து நேராக ஓடி வந்தாள், பஸ் கம்பெனிச் சட்டையோடு, வேர்வையோடு, அழுதுகொண்டு தொப்பியைக் கோணலாக வைத்தாள். அவன் சரிசெய்யப் போனபோது, "இருக்கட்டும்டா, நான் வச்சது அப்படியே இருக்கட்டும்," என்றாள். இல்லை சார். எவ்வளவு சுலபமாக வந்தது. அந்தக் கோணல் தொப்பியைத் தட்டிவிட இரண்டே சொல். நாளைக்கு இங்கேயும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்வான், அதுவும் நிஜமாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் வேறு யாராவது தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, அது உங்களைக் கட்டுகிறதா என்று கேட்டால்?

அழுத்து. இரண்டு மூச்சு. அழுத்து. பெட்டியில் காற்று குறைகிற மாதிரி இருந்தது. குறையாது, மேலே சன்னமாக ஓட்டை உண்டு, இருந்தாலும் குறைந்தது. கதவு பூட்டிக்காது என்று அவர் சொன்னது ஆறுதலாக இல்லை. பூட்டியிருந்தால் உதைக்கலாம், கத்தலாம், அது யாரோ செய்த வேலை என்று இருக்கலாம். போன மாதம் சின்ன விமானத்தில் ஒரு பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். மேலே ஏறி, கைப்பிடி அவன் கைக்கு வந்து, கீழே வயல்கள் கட்டம் கட்டமாகச் சாய்ந்தபோது, உடம்பில் அத்தனை மயிரும் சந்தோஷத்தில் நின்றது, பிறந்ததே இதற்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியர் ஹெட்செட்டில் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. அவன் தலையை வலது பக்கமாகத் திருப்பினான், பழக்கமாகிவிட்ட திருப்பல். அவர் இன்னும் உரக்கச் சொன்னார், "உயரம் குறையுது பாரு!" எச்சரிக்கை மணி அதற்குள் அடித்துக்கொண்டிருந்ததாம். மெல்லிய, உயர்ந்த சுருதியில். இறங்கின பிறகு அவர் அவன் முதுகில் தட்டி, முதல் தடவை எல்லோரும் வாய் பிளந்துகொண்டு வெளியே பார்ப்பார்கள் என்று சிரித்தார். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது தொண்டையில் திரும்பி வந்தது. சின்ன விமானத்தில் உரக்கச் சொல்ல ஆள் இருந்தார். பெரியதில் பின்னால் இருப்பவன் தூங்கிக்கொண்டிருக்கலாம், முன்னால் இருப்பவனுக்குக் காது கேட்கிறது என்ற நம்பிக்கையில். அழுத்து. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். இரண்டு மூச்சு. கீழே அடுக்குமாடிகளில் பேச்சை நிறுத்திவிட்டு விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பவர்கள் இருப்பார்கள். அழுத்து. நிறுத்தக் கை வரவில்லை. நிறுத்தினால் இதுவரை அழுத்தியதெல்லாம் பொய்யாகிவிடும், நிறுத்தாவிட்டால் இனி அழுத்துவதெல்லாம். நேற்று அம்மா கூப்பிட்டபோது அங்கே விடிகாலை, டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "செப்டம்பர் செப்டம்பர்னு நான் இனிமே நச்சரிக்க மாட்டேன். நீ எங்க இருந்தாலும் சரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு—" விமானம் வந்துவிட்டது. போனில் இரைச்சல். அவள் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது. எனக்கு ஒண்ணே ஒண்ணு என்ன? காதில் சத்தம் படக் கூடாதே, நாளைக்குச் சோதனையாயிற்றே என்று ஒரு சாக்குக் கிடைத்தது. "அம்மா, எனக்குக் காதுக்கு ஓய்வு குடுக்கணும், அப்புறம் பேசறேன்," என்று இரைச்சலுக்குள்ளேயே சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவள் விரலை இறக்கி, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்திருப்பாள். யாருமில்லாத போனில். எனக்கு ஒண்ணே ஒண்ணு, நீ நல்லா இருக்கணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு, பொய் சொல்லாத. எனக்கு ஒண்ணே ஒண்ணு, மின்சார பில் எங்க வச்சிருக்க? எதுவாகவும் இருக்கலாம். அழுத்து.

அழுத்தியபோதுதான் பார்த்தான். டெல்கடோ இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை முழுக்கத் திருப்பி, சன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஒரு பக்கம் அநாதையாகக் கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, காப்பி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி ஒரு மிடறு குடித்தார். கோப்பையை வைத்தார். பொத்தானைத் தட்டிப் பேசினார், குரல் வலது காதில் வந்தது, கோபமே இல்லாமல், அதுதான் தாங்கவில்லை. "நான் அனுப்பறத நிறுத்தி ரொம்ப நேரமாச்சு தம்பி. முதல்ல ஒரே தாளத்துல அனுப்பினேன், நீங்க பிடிச்சுக்கிட்டீங்க, அப்புறம் கைய எடுத்துட்டேன். நீங்க அழுத்திக்கிட்டே இருக்கீங்க." சன்னல் பக்கம் குனிந்தார். "உங்களுக்கு என்ன கேக்குது?"

முகம் சுட்டது. கெங் அடித்து மாட்டிக்கொண்ட பூன் ஹெங் இதே மாதிரிதான் நின்றிருப்பான், ஆனால் அவன் சிரித்து மழுப்பத் தெரிந்தவன். பதற்றம் மேடம், நேற்று தூங்கவில்லை, ஹெட்போன் ஏதோ கோளாறு போல. சொல்வதற்கு எத்தனை இருந்தன! எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன, ரேஷனுக்கு நிற்கிற மாதிரி. அவற்றுக்குப் பின்னால் இரண்டு வருஷமாகக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த ஒன்று எப்படியோ முண்டியடித்து முன்னால் வந்துவிட்டது. "என் காதுல ஒரு சத்தம் இருக்கு," என்றான். சொல்லிவிட்டான்! பஞ்சுச் சுவர் அந்தச் சொற்களை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. சொன்னோமா, நினைத்தோமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்தது. சன்னலுக்கு அப்பால் டெல்கடோ புருவத்தைச் சுருக்கினார். கையை மடித்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்துத் தலையை ஆட்டினார். கேட்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வெளியே குரல் போகிற வழியைத் திறந்துவிட அவர் மறந்திருந்தார். உதட்டை மட்டும் அசைத்து, என்ன என்றார்.

ஆக அது இன்னும் யாரிடமும் சொல்லப்படவில்லை. வேண்டுமானால் இப்போதுகூடப் பதற்றம் என்று மாற்றிக்கொள்ளலாம், நியூசிலாந்து மலைக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவே ஒரு சாட்சியும் கிடையாது. சிரித்தபடி ஒன்றுமில்லை என்று கை காட்டினால் போதும், அவர் நல்ல மனுஷி, இன்னொரு நாள்கூடக் கொடுப்பார். இன்னொரு பெட்டி, இன்னொரு தாளம், இன்னொரு இல்லை சார். யுகேந்திரன் ஹெட்போனைக் கழற்றினான். பொத்தானை மடியிலிருந்து எடுத்து நாற்காலிமேல் வைத்தான். கதவைத் தள்ளினான். அது உண்மையிலேயே பூட்டியிருக்கவில்லை, தடித்த கதவு அசட்டுத்தனமாகத் திறந்துகொண்டது, ஏசி சத்தம், யாரோ நடக்கும் பூட்ஸ், காப்பி வாசனை எல்லாம் ஒரேயடியாக மேலே விழுந்தன. டெல்கடோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். "சொல்லுங்க," என்றார். "என் இடது காதுல—" என்று ஆரம்பித்தான் அவன்.

ஓடுபாதையிலிருந்து ஒன்று கிளம்பியது. கட்டடம் அதிர்ந்தது, மேசையில் காப்பி வளையம் வளையமாக நடுங்கியது. டெல்கடோ வெகு சாதாரணமாக ஒரு விரலைத் தூக்கினார், இரு என்று. விமான தளத்தில் பல வருஷம் வேலை பார்த்தவரின் விரல், ஹவ்காங் பத்தாவது தளத்தில் வெந்நீரில் கால் வைத்திருக்கிறவளின் அதே விரல். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நின்றான். தலைக்கு மேலே அந்தச் சத்தத்துக்குள் யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான், அது யுகேந்திரன் இல்லை, இனிமேலும் இல்லை. இன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பாதி வாக்கியத்தை வாங்கிவிட வேண்டும், விமானம் வந்தால் வரட்டும், போனை வைக்காமல் காத்திருக்க வேண்டும். செப்டம்பரில் என்ன சொல்வது என்பதை இனி அவனேதான் யோசிக்க வேண்டும், காதைக் கேட்க முடியாது. இரைச்சல் மெல்ல மெல்ல வடக்கே தேய்ந்தது. அது போன இடத்தில் மற்றது இருந்தது, ஙீ என்று, போகாமல். டெல்கடோ விரலை இறக்கினார். யுகேந்திரன் விட்ட சொல்லிலிருந்து பிடித்துக்கொண்டான்.

"—ரெண்டு வருஷமா ஒரு சத்தம், நிக்காம கேட்டுக்கிட்டே இருக்கு."